குவாஷ் பழக எதை வாங்குவது?

நீரில் குழைத்து, அடிநிறம் தெரியாதபடி கெட்டியாகப் பூசும் வண்ணமான குவாஷில் ஓவியம் பழக விரும்புகிறவர்கள் 24 வண்ணப் பெட்டியைத் தேடுவதை விட, நல்ல தரமான ஐந்து அல்லது ஆறு குழாய்களோடு தொடங்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. மஞ்சள், மெஜந்தாவை ஒட்டிய சிவப்பு, அல்ட்ராமெரின் நீலம், பர்ன்ட் அம்பர் என்னும் அடர்பழுப்பு, கறுப்பு ஆகியவற்றோடு டைட்டானியம் வெள்ளை போதும். வெள்ளையை மட்டும் பெரிய குழாயாக வாங்குங்கள், ஏனெனில் வெளிர்நிறம் ஒவ்வொன்றுக்கும் அதுவே வேண்டியிருப்பதால் முதலில் தீர்ந்துபோவது அதுதான்.

வாங்குமுன் குழாயின் பின்புறத்தைப் படியுங்கள். அரபிக் கோந்து கலந்த மரபான குவாஷ், காய்ந்த பின்னும் நீர் பட்டால் கரையும். அக்ரிலிக் குவாஷ் கரையாது. நான் பழகிய நாட்களில், காய்ந்த நீல வானத்தின் மீது வெள்ளை மேகத்தை ஈரத் தூரிகையால் மீண்டும் மீண்டும் தேய்த்தபோது, அடியிலிருந்த நீலம் எழுந்து மேகம் முழுவதும் வெளிர்நீலமாகிவிட்டது. அதன் பிறகே, மேற்பூச்சைக் கெட்டியாக, பாலேடு பதத்தில், ஒரே இழுப்பில் வைக்கக் கற்றுக்கொண்டேன்.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ளதாக இருந்தால் ஈரத்தில் அதிகம் நெளியாது. தூரிகையில் செயற்கை இழையாலான தட்டை ஒன்றும் உருண்டை ஒன்றும் போதும். வண்ணம் குழைக்க வெள்ளைப் பீங்கான் தட்டே எனக்குப் பிடித்தமானது.