கடினமான எட்டு பார்களும் வெறுமையான ஒரு பக்கமும்

1788-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மோட்சார்ட், தம் படைப்புகளை வரிசையாகக் குறித்துவந்த ஏட்டில் சி மேஜர் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட வாத்தியப் படைப்பு) ஒன்றைச் சேர்த்து, அது தொடக்கநிலையினருக்கான சிறிய சொனாட்டா என்றும் எழுதிவைத்தார். இன்று கே. 545 என்று அறியப்படும் அந்தப் படைப்பை, பியானோ கற்கத் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், அந்த ஒரு குறிப்பை நம்பி நான் கையில் எடுத்தேன். முதல் பகுதியின் நோட்டுகள் இரண்டே வாரங்களில் விரலுக்கு வந்துவிட்டன. எட்டு மாதங்களுக்குப் பிறகு என் வாசிப்பைப் பதிவுசெய்து கேட்டபோது, ஒரு நோட்டும் தவறியிருக்கவில்லை; ஆனாலும் அது இசையாக ஒலிக்கவில்லை. ஒரு சொனாட்டா கடினமானதா என்று யாரேனும் என்னிடம் கேட்டால், முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பதிவுதான்.

சிக்கல் ஐந்தாவது பாரில் (இசைத்தாளில் கோடுகள் பிரித்துக் காட்டும் தாளக் கட்டத்தில்) தொடங்குகிறது. அங்கே வலக்கை ஏ என்ற நோட்டில் புறப்பட்டு ஒரு ஸ்தாயி மேலேறி, அதே வழியில் திரும்பி இறங்குகிறது. அடுத்த பாரில் அந்த ஓட்டம் ஜி-யிலிருந்து, பிறகு எஃப்-இலிருந்து, பிறகு ஈ-யிலிருந்து என்று படிப்படியாகக் கீழே வருகிறது. எல்லாமே வெள்ளைக்கட்டைகள் என்பதால் படிப்பதற்கு இதைவிட எளிதான பக்கம் கிடையாது. ஆனால் ஒவ்வோர் ஓட்டத்திலும் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைந்து புதிய இடம் பிடிக்க வேண்டும். கருங்கட்டை ஒன்று இருந்தால் நீண்ட விரல்கள் அதன்மேல் உயர்ந்து நின்று கட்டைவிரலுக்கு வழிவிடும், இங்கே அந்த வசதி இல்லை. ஷோப்பான் தம் மாணவர்களுக்கு ஐந்து கருங்கட்டைகள் உள்ள பி மேஜரை ஸ்கேல் (சுர வரிசை) பயிற்சியின் தொடக்கத்தில் வைத்ததும், சி மேஜரைக் கடைசிக்குத் தள்ளியதும் இதனால்தான். என் பதிவில் கட்டைவிரல் விழுந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு இடிப்பு கேட்டது. இடக்கை எளிமையாகவே இருப்பதால் அந்த இடிப்பு ஒளிந்துகொள்ள இடமே இருக்கவில்லை.

ஷார்ப், ஃபிளாட் குறிகள் (நோட்டை அரைப்படி உயர்த்துபவை, தாழ்த்துபவை) எத்தனை உள்ளன, பக்கம் எவ்வளவு கறுப்பாக இருக்கிறது, மேலே என்ன வேகம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தே பெரும்பாலோர் ஒரு சொனாட்டாவின் கடினத்தைக் கணிக்கிறோம். இவை படிப்பதில் உள்ள சிரமத்தைச் சொல்லும். வாசிப்பதில் உள்ள சிரமத்தைப் பாதிதான் சொல்லும். பிரிட்டனின் ஏபிஆர்எஸ்எம் இசைத் தேர்வுகளின் 8 கிரேடுகளும், ஜெர்மனியின் ஹென்லே பதிப்பகம் ஒவ்வொரு படைப்புக்கும் தரும் 1 முதல் 9 வரையிலான எண்ணும் இதைவிடப் பொறுப்பான அளவுகோல்கள். அனுபவமுள்ளவர்கள் யோசித்து வைத்தவை. நானும் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் இசைத்தாளை வாங்குகிறேன். ஆயினும் ஓர் எண் ஒரு சராசரிக் கையைத்தான் மனத்தில் கொண்டிருக்க முடியும். என் கை ஆக்டேவை (ஒரு ஸ்தாயி அகலத்தை) எட்டுவதற்கே விரிந்து நிற்கிறது என்பதும், என் மோதிரவிரல் சோம்பேறி என்பதும் அந்த எண்ணுக்குத் தெரியாது.

பீத்தோவன் 1801-இல் எழுதிய, 'மூன்லைட்' என்று பிறர் பெயரிட்ட சி ஷார்ப் மைனர் சொனாட்டாவை எடுத்துக்கொள்வோம். முதல் பகுதியை ஓராண்டு கற்றவர்கள்கூட வாசித்துப் பார்க்கிறார்கள். மூன்றாவது பகுதிக்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். ஆனால் முதல் பகுதியை அருகில் போய்ப் பார்த்தால், ஐந்தாவது பாரில் மெட்டு நுழைந்ததும் வலக்கை இரண்டு கைகளின் வேலையைச் செய்யத் தொடங்குவது தெரியும். கட்டைவிரலும் அடுத்த விரல்களும் மும்மூன்றாக ஓடும் நோட்டுகளைத் திரைக்குப் பின்னால் வைத்திருக்க, கையிலேயே பலவீனமான சுண்டுவிரல் மேலே பாட வேண்டும். அதிலும் மெட்டின் சிறு நோட்டு அந்த மும்மூன்றில் மூன்றாவது நோட்டோடு சேர்ந்து விழாமல் அதற்குப் பின் ஒரு கணம் தள்ளி விழ வேண்டும். இதையெல்லாம் மிக மென்மையாகச் செய்ய வேண்டும். பகுதி முழுவதையும் டேம்பர்களை (கம்பிகளின் ஒலியை அடக்கும் உறுப்புகளை) உயர்த்தியே வாசிக்கும்படி பீத்தோவன் குறித்திருக்கிறார். அவர் காலத்துப் பியானோவில் ஒலி விரைவில் தணிந்தது, இன்றைய பியானோவில் அப்படியே செய்தால் எல்லாம் கலங்கிப்போகும். ஆகவே பெடலை மிதிக்கும் பாதத்துக்கும் காதுக்கும் தனி வேலை சேர்கிறது.

மூன்றாவது பகுதியின் கடினம் வேறு வகை. வலக்கை உடைந்த கார்டுகளாக (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து) மேலேறி உச்சியில் இரண்டு அடிகளைப் போடுகிறது. அந்த ஏற்றம் முழுவதும் மென்மையாக இருக்க வேண்டும், உச்சியில் உள்ள அடிகள்தாம் அழுத்தமானவை. நான் உள்பட எத்தனையோ பேர் ஏறும்போதே இடித்துக்கொண்டு ஏறி, இரண்டாம் பக்கத்துக்குள் முன்கை இறுகி நின்றிருக்கிறோம். நான்கு பார்களை வேகத்தில் வாசிப்பது ஒரு திறன்; ஆறேழு நிமிடம் அதே வேகத்தில் கை இறுகாமல் இருப்பது இன்னொரு திறன். இசைத்தாளை எத்தனை முறை புரட்டினாலும் இரண்டாவது கண்ணில் படாது.

இப்போது ஒரு சொனாட்டாவைத் தேர்ந்தெடுக்குமுன் நான் இரண்டு இடங்களைத் தேடுகிறேன். முதலாவது, அதன் மிகக் கடினமான எட்டு பார்கள். அவற்றை ஒரு வாரம் மெதுவாக வாசித்துவிட்டு, மெட்ரோனோமை (தாளவேகம் காட்டும் கருவியை) சிறிது சிறிதாக உயர்த்திப் பார்ப்பேன். வேகம் கூடக் கூட ஒலி மட்டும் கெட்டால் காலம் போதும். கையே வலித்தால் அந்த சொனாட்டாவை அலமாரியில் வைத்துவிடுவேன். இந்த எட்டு பார்கள் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. பீத்தோவனின் ஓபஸ் (படைப்பு எண்) 2, எண் 3 சொனாட்டாவில் முதல் வரியிலேயே வலக்கை மூன்றாம் இடைவெளி (நடுவில் ஒரு நோட்டு விட்ட) இரட்டை நோட்டுகளை ஒரு சுழற்சியாகப் பளிச்சென்று வாசித்தாக வேண்டும். விரலமைப்புக்கு வசதியான விடையே இல்லாத இடம் அது. அவருடைய 'வால்ட்ஸ்டைன்' சொனாட்டாவிலோ அது கடைசிப் பக்கங்களில் காத்திருக்கிறது: ஆக்டேவில் விரல்களைச் சறுக்கி, அதையும் மிக மென்மையாக வாசிக்கச் சொல்கிறார். கட்டைகள் இலேசாகவும் ஆழம் குறைவாகவும் இருந்த அன்றைய வியன்னாப் பியானோவில் அது செய்யக்கூடியது. இன்றைய கனமான கட்டைகளில் பலர் இரு கைகளுக்கும் பிரித்தோ மணிக்கட்டால் வாசித்தோ சமாளிக்கிறார்கள். கடினம் இசைத்தாளில் மட்டும் இல்லை, வாத்தியத்திலும் இருக்கிறது.

இரண்டாவது, மிகக் குறைவான நோட்டுகள் உள்ள பக்கம். இதைத்தான் நான் இப்போது அதிகம் மதிக்கிறேன். மோட்சார்டின் சொனாட்டாக்கள் சிறுவர்களுக்கு மிக எளியவை, கலைஞர்களுக்கு மிகக் கடினமானவை என்ற பொருளில் பியானோ கலைஞர் ஆர்தர் ஷ்னாபெல் சொன்னது வெறும் சொல்நயம் இல்லை. நோட்டுகள் குறையும்போது ஒவ்வொரு நோட்டின் நீளமும் எடையும் தனித்தனியே கேட்கும். பீத்தோவனின் ஓபஸ் 49, எண் 2 சொனாட்டா தொடக்கநிலையினருக்குத் தரப்படுவது. நானும் அதையே முதலில் பரிந்துரைப்பேன். ஆனால் 1805-இல் அச்சான அதில் ஒலியளவுக் குறிகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எங்கே உயர்த்துவது, எங்கே தணிப்பது என்பது முழுக்க வாசிப்பவரின் பொறுப்பு.

இரண்டு வகைக் கடினமும் ஒரே இடத்தில் சேர்வது 'ஹம்மர்கிளாவியர்' சொனாட்டாவில். முதல் பகுதிக்குப் பீத்தோவன் தந்த மெட்ரோனோம் குறி, நிமிடத்துக்கு 138 அரை நோட்டுகள். பீத்தோவனின் முப்பத்திரண்டு சொனாட்டாக்களையும் 1930-களில் பதிவுசெய்த ஷ்னாபெல் அதை எட்ட முயன்றார். பெரும்பாலோர் குறைத்தே வாசிக்கிறார்கள். ஒரே மெட்டைப் பல குரல்கள் அடுத்தடுத்து எடுத்துத் தொடரும், இறுதியில் வரும் ஃபியூகைப் பார்த்து எல்லோரும் அஞ்சுகிறார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் நீளும் மெதுவான பகுதியை அறுந்துபோகாமல் தாங்கிச் செல்வது அதைவிடக் கடினம் குறைந்ததென்று நான் நினைக்கவில்லை. இந்த சொனாட்டாவை நான் கேட்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்த மாதம் பியானோவின் மேல் திறந்திருப்பது ஷூபர்ட் 1828-இல், இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் முடித்த பி ஃபிளாட் மேஜர் சொனாட்டா. முழுவதையும் வாசிக்கும் எண்ணம் இல்லை. முதல் ஏழு பார்களில் ஒரு பாடல்போல மெதுவாக நகரும் கார்டுகள். எட்டாவது பாரில் இடக்கை மிகத் தாழ்ந்த ஜி ஃபிளாட்டில் ஒரு டிரில் (அடுத்தடுத்த இரு நோட்டுகளை மாறி மாறி வேகமாக வாசிப்பது), மிக மென்மையாக. அந்த ஆழத்தில் கம்பிகள் தடித்தவை. சற்று அழுத்தினால் உறுமுகிறது, சற்றுக் குறைத்தால் கட்டை கீழே போயும் ஒலியே எழுவதில்லை. நேற்று மாலை இருபது முறை வாசித்ததில் மூன்று முறை சரியாக வந்தது.