மருத்துவமனைக் கட்டுமானத்தில் மூன்று தரப்பு: ஒரு செவிலியரின் அனுபவம்

எங்கள் மருத்துவமனையை ஒட்டிப் புதிய கட்டடம் ஒன்றை எழுப்புவதென்று முடிவானபோது, நிர்வாகத்தின் சார்பில் கட்டடக் கலைஞரோடும் ஒப்பந்ததாரரோடும் பேசும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். அப்போது நான் தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமைச் செவிலியர். தரைத்தளத்தில் எம்.ஆர்.ஐ. அறை, அதற்கு மேலே இரண்டு அறுவை அரங்குகள், மேல்தளத்தில் 12 படுக்கைகளோடு தீவிர சிகிச்சைப் பிரிவு என்பது தொடக்கத் திட்டம். கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும் பழைய கட்டடத்தில் சிகிச்சை ஒரு நாளும் நிற்கக் கூடாது. முதல் மாதத்திலேயே வரைபடங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவற்றைச் சரியாகப் புரிந்துகொள்ளாமலேயே கையெழுத்திட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைத் தரப்பில் அமரும் பலருக்கும் இது நேர்கிறது, யாரும் வெளியே சொல்வதில்லை.

கட்டடக் கலைஞர் அதை விரைவிலேயே கண்டுகொண்டார். ஒரு கூட்டத்தில், "இந்த அறையில் நோயாளிக்குத் திடீரென மூச்சு நின்றுபோனால் உங்களில் யார் எங்கே நிற்பீர்கள்?" என்று கேட்டார். வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட முயன்றேன், முடியவில்லை. அவர் ஒப்பந்ததாரரிடம் பேசி, காலியாகக் கிடந்த கிடங்கு ஒன்றில் ஒட்டுப்பலகைகளைக் கொண்டு ஓர் அறையை முழு அளவில் அமைக்கச் செய்தார். அதற்குள் உண்மையான கட்டில், வென்டிலேட்டர், அவசர மருந்து வண்டி எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தோம். இரவுப் பணிச் செவிலியர்கள், மயக்கவியல் மருத்துவர், துப்புரவுப் பணியாளர் என்று அந்த அறையில் நாளை வேலை செய்யப்போகிறவர்களை அழைத்து, கட்டிலில் பொம்மையைக் கிடத்தி, மூச்சு நின்றால் செய்யும் எல்லாவற்றையும் செய்து பார்த்தோம்.

வரைபடத்தில் ஒழுங்காகத் தெரிந்த அறை அந்தப் பிற்பகலில் எங்களுக்கு எதிராக நின்றது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்த மருத்துவர் நோயாளியின் தலைக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதற்காகக் கட்டிலை முன்னே இழுத்தால் கால்பக்கம் மருந்து வண்டி நுழைய இடமில்லை. ஆக்சிஜன் முனைகள் எல்லாம் வலப்பக்கச் சுவரில் இருக்க, வென்டிலேட்டர் இடப்பக்கம் நின்றதால், குழாய் நோயாளியின் மார்புக்குக் குறுக்கே போயிற்று. கதவைத் திறந்தால் கை கழுவும் தொட்டி அதன் பின்னால் மறைந்துவிடும். அவசரத்தில் கண்ணில் படாத தொட்டியில் யாரும் கை கழுவுவதில்லை. நோய்த்தொற்று அங்கிருந்துதான் ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குப் போகிறது. துப்புரவுப் பணியாளர் மட்டும் எதுவும் பேசாமல் தொட்டியின் அடியில் துடைப்பத்தை விட்டுப் பார்த்தார். அது சுவர் மூலைக்கு எட்டவில்லை. மேஸ்திரி சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டே வந்து, நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் பலகைகளை இடம் மாற்றிவிட்டார். இப்படி மூன்று முறை மாற்றினோம். சுவருக்குள் செப்புக்குழாய் பதித்த பிறகு இவற்றில் ஒன்றை மாற்றுவதென்றாலும் சுவரை உடைத்து, குழாயை வெட்டி இணைத்து, மருத்துவ வாயுச் சோதனைகளை மறுபடி செய்ய வேண்டியிருந்திருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரைபடத்தையும் கையில் எடுக்கும்போது நான் அந்தப் பலகை அறையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அடுத்த சிக்கல் உயரத்தில் வந்தது. பழைய கட்டடத்தில் தளத்துக்குத் தளம் 3.6 மீட்டர். இரு கட்டடங்களுக்கும் இடையே படுக்கையோடு நோயாளியைத் தள்ளிச் செல்ல வேண்டுமென்றால் புதிய தளங்களும் அதே மட்டத்தில் இருந்தாக வேண்டும். ஆனால் அறுவை அரங்குக்கு 3 மீட்டர் உயரத்தில் கூரை தேவை. மீதியுள்ள 60 சென்டிமீட்டரை உத்தரமே எடுத்துக்கொள்ளும். அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே வகுத்து, பல நாடுகளில் பின்பற்றப்படும் ஆஷ்ரே 170 தரவிதி, அறுவை அரங்கின் காற்று மணிக்கு 20 முறை மாற வேண்டும், அதில் 4 முறைக்கான அளவாவது வெளிக்காற்றாக இருக்க வேண்டும் என்கிறது. 40 சதுர மீட்டர் அரங்கு என்றால் மணிக்கு 2,400 கன மீட்டர் காற்று. அத்தனையையும் கொண்டுவரும் குழல்களும், 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்து நிறுத்தும் ஹெப்பா வடிகட்டிப் பெட்டிகளும், விளக்குகளைத் தாங்கும் இரும்புச் சட்டங்களும் எங்கே போகும்?

அரங்குகளுக்கு மேலுள்ள தளத்தை 90 சென்டிமீட்டர் உயர்த்தி, பழைய கட்டடத்தோடு இணைக்கச் சாய்தளம் அமைக்கலாம் என்று கட்டடக் கலைஞர் சொன்னார். 1:12 சரிவில் அது கிட்டத்தட்ட 11 மீட்டர் நீளம் வரும். அறுவை முடிந்த நோயாளியை, மருந்து ஏறும் பம்புகளோடு, அந்தச் சரிவில் இறக்க நான் ஒப்பவில்லை. இரண்டு வாரம் இழுபறியாக இருந்த இதை ஒப்பந்ததாரரின் இளம் பொறியாளர் ஒருவர் தீர்த்து வைத்தார். தீவிர சிகிச்சைப் பிரிவைக் கீழேயும் அறுவை அரங்குகளை மேல்தளத்திலும் வைத்தால், தரைமட்டம் பழைய கட்டடத்தோடு பொருந்தும், மேலே வேறு தளம் இல்லாததால் கூரையை வேண்டிய அளவு உயர்த்திக்கொள்ளலாம், காற்றுக் கருவிகள் மொட்டைமாடியிலேயே இருப்பதால் குழல்களின் நீளமும் குறையும் என்றார். வரைபடம் முடிந்த பிறகே ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். நாங்களும் அப்படிச் செய்திருந்தால் அந்தப் பொறியாளர் அன்று அந்த அறையில் இருந்திருக்க மாட்டார்.

எம்.ஆர்.ஐ. அறையில் தவறு முழுவதும் எங்களுடையது. எந்த நிறுவனத்தின் கருவியை வாங்குவது என்பதை எங்கள் குழு தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது; தரைத்தளத்தின் மேற்கூரைக் கான்கிரீட் போட்ட பிறகு நிறுவனத்தையே மாற்றியது. கருவிக்குள் இருக்கும் காந்தத்தைக் குளிரவைக்கும் திரவ ஹீலியம் ஏறக்குறைய மைனஸ் 269 டிகிரியில் இருக்கிறது. ஏதேனும் காரணத்தால் அது ஆவியாகத் தொடங்கினால் 700 மடங்குக்கும் மேல் விரிவடைந்து, அறையிலுள்ள ஆக்சிஜனை வெளியேற்றிவிடும். ஆகவே அதை நேராக வெட்டவெளிக்குக் கொண்டுபோக ஒரு தனிக்குழாய் வேண்டும். அதன் விட்டத்தையும் வளைவுகளையும் கருவி நிறுவனமே வரையறுக்கிறது. நிறுவனம் மாறியதும் குழாய்க்காக விட்ட துளை பொருந்தவில்லை, காந்தத்தை உள்ளே கொண்டுவரத் திறந்து வைத்திருந்த சுவரும் போதவில்லை. ஒப்பந்ததாரர் கூடுதல் தொகை கேட்டுக் கடிதம் எழுதினார், எங்கள் அலுவலகம் மறுத்து எழுதியது. ஒரு மாதம் எல்லோரும் கடிதங்களில் மட்டுமே பேசினோம். கட்டுமானக் காலத்திலேயே எனக்கு மிகவும் வேதனையாக இருந்த மாதம் அது.

அந்தக் கசப்பிலிருந்து ஒரு தாள் பிறந்தது. நாங்கள் இன்னும் எடுக்க வேண்டிய முடிவுகளையெல்லாம் ஒப்பந்ததாரர் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே முடிவெடுக்க வேண்டியவர், கடைசி நாள், அந்த நாளுக்குப் பின் மாற்றினால் எதை உடைக்க வேண்டும் ஆகியவற்றைக் குறித்துக் கொடுத்தார். அந்தத் தாளின் கடைசிக் கட்டத்தில் இருந்ததைத்தான் நான் மருத்துவர்கள் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். "இந்த விளக்கை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தேர்ந்தெடுக்காவிட்டால் கூரையை அறுக்க வேண்டும்" என்று கேட்டவர்கள் அன்றே தேர்ந்தெடுத்தார்கள். எங்களுக்கு வாரம்தோறும் வந்துகொண்டிருந்த முன்னேற்ற அறிக்கைகளில் இந்த ஒரு தகவல் இருந்ததே இல்லை.

பழைய சுவரைத் திறந்து இரு கட்டடங்களையும் இணைத்த நாட்களை நான் நிம்மதியாகக் கழிக்கவில்லை. சுவருக்கு மறுபுறம் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவு. இடிப்புத் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் மிதக்கும். நல்ல உடல்நிலையில் உள்ளவரை அவை பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, எதிர்ப்பாற்றல் இழந்தவரின் உயிரையே எடுக்கக்கூடும். தரை முதல் மேற்கூரை வரை தடுப்பு எழுப்பி, வேலை நடக்கும் பக்கத்தில் காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்தோம். ஆயினும் தடுப்பின் கதவை மூடுவதும் மூடாததும் தொழிலாளர்களின் கையில்தான் இருந்தது. மேஸ்திரியை அந்தப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, கண்ணாடிக்கு வெளியே நின்றபடி, அங்கே படுத்திருப்பவர்களுக்குத் தூசி என்ன செய்யும் என்பதை விளக்கினேன். மறுநாள் முதல் அந்தக் கதவருகே அவரே ஓர் ஆளை நிறுத்தினார்.

கட்டடம் திறந்து ஆறு மாதங்கள் கழித்து, கட்டடக் கலைஞரும் பொறியாளரும் மேஸ்திரியும் எங்களோடு மறுபடி அந்தத் தளங்களில் நடந்தார்கள். எங்கள் தரப்பில் ஒரு குறை நெடுநாளாக இருந்தது. இரண்டு கட்டடங்களும் சேரும் இடத்தில், வெப்பத்தில் கட்டடம் விரிவதற்காக விட்ட இடைவெளியை மூடிய உலோகப் பட்டையின் மேல் சக்கரங்கள் ஏறும்போது, வயிற்றில் அறுவை செய்துகொண்ட நோயாளிகள் வலியால் முனகினார்கள். பட்டை அளவுப்படிதான் இருக்கிறது என்று பொறியாளர் அளந்து காட்டினார். கட்டடக் கலைஞர் ஒன்றும் சொல்லாமல் தள்ளுவண்டியில் ஏறிப் படுத்து, தன்னை அந்த இடத்தின் மேல் இருமுறை தள்ளச் சொன்னார். இறங்கியதும் பொறியாளரையும் படுக்க வைத்தார். அடுத்த வாரம் அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டு, தரையோடு தரையாக அமரும் வேறொன்றைப் பதித்தார்கள்.