போர்டு பெயரில் வந்த போலி மின்னஞ்சல்

நர்ஸ் வேலை பார்ப்பதற்கான உரிமமான பிராக்டிசிங் சர்டிபிகேட்டைப் புதுப்பிக்கும் மாதங்களில் எங்கள் வார்டில் வேறு பேச்சே இருக்காது. தொடர் பயிற்சிக்கான சிபிஇ புள்ளி சேர்ந்ததா, விண்ணப்பம் போட்டாச்சா, பணம் கட்டியாச்சா. அந்த மின்னஞ்சலை அனுப்பியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது.

அனுப்புநர் பெயர், எங்களைப் பதிவு செய்யும் சிங்கப்பூர் நர்ஸிங் போர்டு. ‘உங்கள் சிபிஇ புள்ளிகளில் குறை இருக்கிறது, 24 மணி நேரத்தில் சரிசெய்யாவிட்டால் பதிவு முடக்கப்படும்’ என்று சுத்தமான ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எழுத்துப்பிழை இருந்தால் போலி என்று இன்னும் வகுப்பெடுக்கிறார்களே, அதெல்லாம் பழைய கதை. கீழே ஒரு க்யூஆர் கோடு. மேலே என் முழுப் பெயரும் பதிவு எண்ணும்.

பதிவு எண் சரியாக இருந்ததால்தான் பலர் நம்பினார்கள். ஆனால் போர்டின் நர்ஸ் பதிவேடு பொதுமக்கள் பார்ப்பதற்காகவே வைக்கப்பட்டது. நோயாளியின் மகன்கூட என் பெயரைத் தட்டித் தேடிப் பார்க்கலாம். அந்த எண் ரகசியமே இல்லை.

எனக்கு வந்ததை நான் தொடவில்லை. போன் திரையில் அனுப்புநரின் பெயர் மட்டும்தான் தெரியும். அதை அழுத்தினால்தான் முகவரி விரியும். விரித்தால் ‘ஜிஓவி’க்கும் ‘எஸ்ஜி’க்கும் நடுவில் புள்ளிக்குப் பதிலாக ஒரு சிறுகோடு, அதற்குப் பிறகு ‘டாட் காம்’. அரசுத் தளத்தின் பெயர் ‘டாட் ஜிஓவி டாட் எஸ்ஜி’ என்று முடிய வேண்டும். குறுஞ்செய்தி என்றால் 2024 ஜூலையிலிருந்து அரசு அமைப்புகள் பெரும்பாலும் ‘ஜிஓவி டாட் எஸ்ஜி’ என்ற ஒரே பெயரில் அனுப்புகின்றன. மின்னஞ்சலில் அனுப்புநர் பெயராக யாரும் எதையும் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் போர்டின் தள முகவரியை நானே தட்டி, அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு வழியாக உள்ளே போய்ப் பார்த்தேன். சர்டிபிகேட் செல்லுபடியாகவே இருந்தது. போர்டின் தளத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டபோது, அப்படி எதுவும் அனுப்பவில்லை என்றார்கள்.

அதற்குள் மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த, தங்கை மாதிரியான நர்ஸ் ஒருத்தி, “அக்கா, நான் ஸ்கேன் பண்ணிட்டேன்” என்று வந்து நின்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை பாஸில், அதாவது வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில் இருப்பவர்களுக்குப் பதிவு போனால் வேலை போகும், வேலை போனால் பாஸும் போகும். அந்தப் பயத்தில் யார் முகவரியை விரித்துப் பார்ப்பார்கள்?

போலிப் பக்கம் சிங்பாஸ் கேட்கவில்லை. மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் கேட்டது. போலி என்பதற்கு அதுவே அடையாளம். இரண்டையும் கொடுத்துவிட்டு, அபராதம் என்று கேட்ட 80 வெள்ளிக்காக வங்கி அட்டை எண்ணையும் போட்டிருக்கிறாள். ஓடிபி வந்தபோதுதான் கடை பெயர் வேறாக இருந்ததைப் பார்த்து நிறுத்தினாளாம். நல்லவேளை.

முதலில் வங்கி. செயலியிலேயே அட்டையைப் பூட்டிவிட்டு, பிறகு கூப்பிட்டுப் புது அட்டை கேட்டோம். இங்குள்ள பெரிய வங்கிகளில் கணக்கையே முடக்கும் கில் ஸ்விட்ச் உண்டு. பணம் போகாததால் அதுவரை போகவில்லை. அடுத்து பாஸ்வேர்டு. ஊருக்குப் பணம் அனுப்பும் செயலிக்கும் அவள் அதே பாஸ்வேர்டைத்தான் வைத்திருந்தாள். அங்கேதான் நேரம் பிடித்தது. எல்லாக் கருவிகளிலும் லாக் அவுட் செய்து, மின்னஞ்சலைத் தானாக வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஏதாவது போட்டிருக்கிறார்களா என்றும் பார்த்தோம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருந்து கடிதங்களைக் கடத்திக்கொண்டிருக்கும்.

சந்தேகம் தீர 1799-ஐக் கூப்பிட்டோம். மோசடி பற்றிக் கேட்பதற்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். அதன் பிறகு போலீஸ் புகார். பணம் போகவில்லையே, எதற்கு என்று அவள் தயங்கினாள். அட்டையில் பிற்பாடு ஏதாவது நடந்தால் வங்கிக்குக் காட்டப் புகார் எண் இருக்கட்டும் என்று சொல்லிப் போட வைத்தேன். மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருந்தது அப்போது உதவியது.

இதற்கு நடுவே ஒருவர் நல்லெண்ணத்தில் அந்த மின்னஞ்சலைப் படம் பிடித்து, ‘ஜாக்கிரதை’ என்று எழுதி வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். க்யூஆர் கோடு முழுசாகத் தெரிந்தது, ஸ்கேன் செய்தால் வேலையும் செய்தது! உடனே கூப்பிட்டு நீக்கச் சொன்னேன். கோட்டைக் கறுப்படித்து மறைத்த படம் இப்போது ஓய்வறை நோட்டீஸ் போர்டில் இருக்கிறது.