சுவர்க்கடிகாரக் கட்டையில பிளேன் பறக்காது

பங்குனியில பிசானம் அறுத்து முடிஞ்ச வயக்காடு மாதிரி ஒரு ரன்வே, ஆர்.சி. பிளேன், அதாவது ரிமோட்ல பறக்கிற பொம்மை பிளேன் விடுறவங்களுக்கு வேற கிடையாது. மேலச்செவல் பக்கம் அப்படியொரு வயல்ல, ஞாயித்துக்கிழமை காலம்பற ஒரு மாமாவும் மருமகனும் நிக்கிறாங்க. பிளேன் புத்தம் புதுசு. வரப்போரமா ஒத்தை உடைமரம். சுத்தி எத்தனை ஏக்கர் வெறுமனே கிடந்தாலும் தெர்மாகோல் பிளேனுக்குப் பிடிச்ச இடம் அந்த மரம்தான்.

பிளேன்ல இருக்கிற லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை ராத்திரி முழுக்கப் பக்கத்துல வெச்சுப் பார்த்துக்கிட்டவன், கையில பிடிக்கிற டிரான்ஸ்மிட்டருக்குப் போட்டது நாலு டபுள் ஏ கட்டை. அதுவும் டிவி ரிமோட்டுக்குப் போடுற சாதா கார்பன்-ஜிங்க் ரகம். மூணு பளபளன்னு இருந்துச்சு. ஒண்ணு மட்டும் சட்டை வெளுத்துப் போயிருந்துச்சு.

"மாமா, திரையில 5.8 வோல்ட் காட்டுது. போதும்லா?"

"ஏல, நாலு ஒண்ணரை ஆறு. ரெண்டு புள்ளிதான் குறையுது. விடுல!"

மாமா கணக்குல தப்பில்ல. ஆனா அது சுவிட்சைப் போட்ட முதல் நிமிஷத்துக் கணக்கு. சுவர்க்கடிகாரம் ஒரு மில்லி ஆம்பியர்கூட இழுக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் தோராயமா 100லிருந்து 200 மில்லி ஆம்பியர் வரை விடாம இழுக்கும். கார்பன்-ஜிங்க் கட்டைக்கு உள் தடை அதிகம். இந்த இழுப்புக்கு வோல்ட் மளமளன்னு இறங்கிரும்.

ரெண்டாவது ரவுண்டுலயே கீ... கீ...ன்னு சத்தம். மாமா போன்னு நெனச்சு சட்டைப்பையைத் தடவுதாரு. மருமகன் ஏதோ குருவின்னு விட்டுட்டான். சத்தம் நிக்கலை. குனிஞ்சு பார்த்தா திரையில 4.2.

"ரெண்டு தட்டு தட்டுல, சரியாயிரும்!"

தமிழ்நாட்டு வீடுகள்ல ரிமோட்டுக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் இது. உள்ளங்கையில வெச்சு ரெண்டு தட்டு. டிவிக்கு இது பலிக்கும், சேனல் மாறாட்டி யாரும் மரத்துல போய் விழப்போறதில்ல. இங்க தட்டின தட்டுல ஸ்பிரிங்கை விட்டுக் கட்டை ஒரு நொடி விலகி, டிரான்ஸ்மிட்டர் அணைஞ்சு திரும்ப எரிஞ்சுது. எரிஞ்சதும் திரையில வந்தது எச்சரிக்கை: சுவிட்ச் எல்லாத்தையும் மேல தள்ளு, திராட்டிலை (மோட்டார் வேகத்துக்கான குச்சி) கீழ இறக்கு. பல டிரான்ஸ்மிட்டர் இதைச் செய்யுற வரைக்கும் சிக்னலே விடாது. மேசையில வெச்சு ஆன் பண்றப்ப திடீர்னு சுத்துற பிரொப்பெல்லர்கிட்டயிருந்து விரலைக் காப்பாத்துற நல்ல ஏற்பாடுதான். பிளேன் ஆகாசத்துல இருக்கும்போது படிக்கிற விஷயமில்ல. மருமகன் எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள, ஃபெயில்சேஃப்ல, அதாவது சிக்னல் அறுந்தா தானா மோட்டாரை நிறுத்துற ஏற்பாட்டுல, மோட்டார் நின்ன பிளேன் வழுக்கிக்கிட்டே போய் உடைமரத்துல உக்காந்துட்டு.

முள்ளுக்குப் பயந்து எல்லாரும் கீழயே நிக்க, அந்நேரம் பக்கத்து வயல்ல பிளேன் விட்டுக்கிட்டிருந்த ஒரு அண்ணாச்சி மல்டிமீட்டரோட வந்தாரு. கட்டையை ஒண்ணொண்ணாக் கழட்டி வெச்சுப் பார்த்தாரு. மூணுல 1.35 வோல்ட். வெளுத்த சட்டைக்காரன் 0.8. "இவன்தான்வே ஆளைக் கவுத்தது"ன்னாரு. தொடர்ல ஒரு கட்டை சோர்ந்தா மத்த மூணும் அதைத் தள்ளிக்கிட்டே போகும். முழுசாத் தீர்ந்த பிறகும் தள்ளினா அது தலைகீழாச் சார்ஜ் ஆகி ஒழுக ஆரம்பிக்கும்.

மாமா உடனே டார்ச்சைத் திறந்து ஒரு கட்டையை நீட்டுதாரு. "இது லித்தியமாம்லா, அளவு ஒண்ணுதான். இதுல நாலு போட்டா?" அது 14500ங்கிற லித்தியம்-அயன் ரகம். டபுள் ஏ குழிக்குள்ள கச்சிதமா உக்காரும், ஆனா நிறைஞ்சா ஒண்ணு 4.2 வோல்ட். நாலும் சேர்ந்தா 16.8. ஆறு வோல்ட் டிரான்ஸ்மிட்டர்ல போட்டா முதல்ல பறக்கிறது புகை. ரெண்டு செல் லிப்போவும் நிறைஞ்சா 8.4, கையேட்டுல அனுமதி இருந்தாத்தான் போடணும். வோல்ட் கூடினா தூரமும் கூடும்னு ஒரு நம்பிக்கை ஊர் பூரா இருக்கு. சிக்னல் அனுப்புற பகுதிக்கு உள்ள ஒரு ரெகுலேட்டர்தான் படியளக்குது. வெளியில எவ்வளவு கொட்டினாலும் அது அளந்ததுதான்.

யூஎஸ்பில சார்ஜ் ஏத்துற 1.5 வோல்ட் லித்தியம் கட்டை இன்னொரு வம்பு. கடைசி வரைக்கும் 1.5ஐப் பிடிச்சு வெச்சுட்டுத் திடீர்னு கையை விரிக்கும். அலாரத்துக்குக் கீ...ன்னு சொல்லக்கூட நேரம் இருக்காது.

போட வேண்டியது, சும்மா இருந்தா தானாச் சார்ஜ் அவ்வளவா இறங்காத நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு கட்டை. 2005ல எனலூப்ங்கிற பிராண்டு வந்ததிலிருந்து இந்த ரகம் கிடைக்குது. பழைய ரகம்னா போன மாசம் ஏத்தினதுல கால்வாசி காணாமப் போயிருக்கும். 2000 மில்லி ஆம்பியர்-மணி கட்டை நாலு போட்டா, 150 இழுக்குற டிரான்ஸ்மிட்டர் காகிதக் கணக்குல 13 மணி நேரம் ஓடும். 10னு வெச்சுக்கிட்டா நிம்மதி. இதுல கட்டைக்கு 1.2தான், மொத்தம் 4.8ன்னு பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த 1.2ல ரொம்ப நேரம் நிக்கும், 1.1க்கு வந்தா சறுக்குமரம்தான். அதனால அலாரத்தை மாத்த முடிஞ்சா 4.4ல வைங்க, கத்தின உடனே இறக்குங்க. ஒரே பாக்கெட்டுல வாங்கின நாலையும் ஸ்கெட்ச் பேனாவுல நம்பர் போட்டுப் பிரிக்காம வெச்சுக்கிடணும். சார்ஜர் ஒவ்வொரு குழியையும் தனித்தனியாப் பார்க்கிறதா இருக்கட்டும். அவசரத்துக்கு ஆல்கலைன் போடலாம், ஆனா சீசன் முடிஞ்சதும் கழட்டிரணும். ஒழுகி வெள்ளையாப் பூத்திருந்தா எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால துடைச்சு, காய வெச்சு, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்து விடுங்க.

அண்ணாச்சி வெளுத்த கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "இது எங்கன வாங்கினது?"

மாமா பதில் சொல்லலை. கடையில மூணுதான் இருந்துச்சுன்னு மருமகன் இழுத்தான். இந்தத் தடவை நெசமாவே மாமா போன்தான் கத்துச்சு. அத்தை.

"ஏங்க, கோயில்ல ரெண்டாம் மணியும் அடிச்சாச்சு. நம்ம வீட்டுக் கடிகாரம் மட்டும் அஞ்சே முக்கால்லயே நிக்கி. கழட்டிப் பார்த்தா உள்ள கட்டையவே காணும்!"