குளிர்ந்த சிவப்பு வைனும் கணவாய்ப் பிரட்டலும்

சிவப்பு வைனைப் பிரிட்ஜுக்குள் வைக்கக்கூடாது என்று எங்கள் ஹோட்டலுக்கு வந்த மனேஜர்மார் எல்லாரும் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார்கள். அறை வெப்பநிலையில்தான் பரிமாற வேண்டுமாம். எந்த அறை? திருகோணமலை உப்புவெளியில் ஆடி மாத மத்தியானம் என் குசினியில் பட்டர் தானாய் உருகி ஓடும். அந்த விதி குளிர் நாட்டு வீடுகளுக்குப் போட்டது.

இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் இருக்கிற மச்சான் லீவில் வந்தபோது சாரத்தில் சுற்றி ஒரு போத்தல் கொண்டுவந்தான். (பலெர்மோவில் எங்கட சனம் கனபேர். சைவ சமயத்தவரும் அங்கத்தைய பெல்லெக்ரினோ மலையேறி, கத்தோலிக்கப் புனிதையான சாந்தா ரொசாலியாவைக் கும்பிடுகிறார்கள்.) வைன் அதே சிசிலியின் தென்கிழக்கில் உள்ள வித்தோரியா பக்கத்தது. திராட்சையின் பெயர் பிராப்பாத்தோ. ஒரு குடும்பம் தாங்களே பயிரிட்டு, தாங்களே போத்தலில் அடைப்பதாம்.

"அத்தான், இதைக் குளிரப் போட்டுத்தான் குடிக்கோணும்" என்றான். எனக்கு அது போதும்.

அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்து எடுத்தேன். கிளாஸில் ஊற்றினால் மறுபக்கம் பிடித்திருக்கிற விரல் தெரிகிறது, அவ்வளவு இளஞ்சிவப்பு. செரிப்பழ வாசம், கொஞ்சம் ஸ்ட்ரோபெரி. சிவப்பு வைனின் நிறமும் துவர்ப்பும் திராட்சைத் தோலிலிருந்துதான் வருகின்றன. பிராப்பாத்தோவில் இரண்டுமே குறைவு. இப்படி இளசாகக் குடிக்கிற வைனை ஓக் பீப்பாயில் கிடத்தாமல் எஃகுத் தாங்கியிலோ சீமெந்துத் தொட்டியிலோ வைத்திருந்து, பழவாசம் போகமுன் அடைத்துவிடுகிறார்கள். இதே திராட்சையை நீரோ தாவோலா என்ற இன்னொரு திராட்சையோடு கலந்தால் செரசுவோலோ தி வித்தோரியா என்ற வைன். சிசிலியில் டி.ஓ.சி.ஜி. என்ற இத்தாலிய வைன்களுக்கான உச்சத் தரம் கிடைத்த ஒரே வைன் அதுதான், 2005இல்.

எனக்கு முக்கியம் சாப்பாடு. துவர்ப்புக் கூடின வைனோடு மீன் சாப்பிட்டால் வாயில் இரும்பை நக்கின மாதிரி ஒரு ருசி நிற்கும். மிளகாய் உறைப்பையும் அது கிளப்பிவிடும். இதில் அந்தக் கரைச்சல் இல்லை. அன்று மிளகு தூக்கலாய்ப் போட்டுக் கணவாய்ப் பிரட்டல் வைத்திருந்தேன். கணவாய் விட்ட தண்ணி வற்றி, எண்ணெய் பிரிந்து, கறிவேப்பிலை மொறுமொறுத்த பதம். ஒரு வாய் கணவாய், ஒரு மிடறு வைன். வைனில் உள்ள மெல்லிய புளிப்பு எண்ணெயைக் கழுவிக்கொண்டு போகிறது, தேசிக்காய் பிழிந்த மாதிரி. பாரைமீன் பொரியலுக்கும் சரி. கட்டைச் சம்பலோடு மட்டும் வேண்டாம். அந்த உறைப்புக்கு முன்னால் எந்த வைனும் தோற்கும்.

மனுசி ஒரு மிடறு குடித்துவிட்டு, "இதுக்கு நெல்லிரசம் பரவாயில்லை" என்றாள். நல்லது, எங்களுக்கு மிச்சம்.

அடுத்த முறை விலைகூடின அமரோனே கொண்டுவரட்டா என்று மச்சான் கேட்டான். அது திராட்சையை மாதக்கணக்கில் உலரவைத்துச் செய்வது, மதுசாரம் 14 வீதத்துக்குக் குறையாது. இந்த வெக்கைக்கு அது தலையைப் பிளக்கும். அந்தக் காசுக்கு இதிலேயே இரண்டு கொண்டுவா என்றேன்.