ஹீட் பம்ப் போடும் முன் கேஸ் பில்லை எடுத்துப் பாருங்கள்

டொராண்டோ பக்கம் வீடு வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "ஃபர்னஸ் பழசாயிடுச்சு, ஹீட் பம்ப் போடலாம்னு இருக்கோம், எத்தனை டன் போடணும்?" ஃபர்னஸ் கேஸ் எரித்து வீட்டைச் சூடாக்குவது, ஹீட் பம்ப் வெளிக் காற்றில் இருக்கும் சூட்டை மின்சாரத்தால் உள்ளே கொண்டுவருவது, டன் என்பது இங்கே எடை இல்லை, இயந்திரத்தின் திறன். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் கிடைக்கும் விதம்தான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. விலை சொல்ல வருகிறவர் பேஸ்மென்ட்டில் இறங்கி, ஃபர்னஸில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து, வீடு எத்தனை சதுர அடி என்று ஒரு வார்த்தை கேட்டு, "நாலு டன் போட்டுடலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கின் மூடியைத் திறந்து பார்ப்பதில்லை, ஜன்னல்களை எண்ணுவதில்லை, கேஸ் பில்லைக் கேட்பதும் இல்லை. ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்து அடுத்த பதினைந்து வருடம் கூடவே வைத்துக்கொள்ளப்போகும் இயந்திரத்தின் அளவு இப்படியா முடிவாக வேண்டும்?

அளவை முடிவு செய்ய வேண்டியது வீடு. மிகக் குளிரான நாளில் உங்கள் வீடு மணிக்கு எவ்வளவு சூட்டை வெளியே விடுகிறதோ, அவ்வளவு சூட்டை உள்ளே கொண்டுவர முடிந்தால் போதும், அதற்கு மேல் வாங்குவது செலவு மட்டும் இல்லை, வசதிக் குறைவும் கூட. பெரிசா இருந்தா நல்லதுதானே என்ற நினைப்பு ஃபர்னஸ் விஷயத்தில் பெரிய கெடுதல் செய்யாது. ஹீட் பம்பில் செய்யும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். வெளியே மைனஸ் 15 இருக்கும்போது அந்தக் காற்றில் எங்கிருந்து சூடு வரும்? ஹீட் பம்புக்குள் ஓடும் ரெஃப்ரிஜரன்ட் சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 50 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும் வகை. அதற்கு மைனஸ் 15 டிகிரிக் காற்றும் சூடுதான். வெளியே இருக்கும் காயிலில் அது ஆவியாகும்போது காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது, கம்ப்ரசர் அதை அழுத்தி இன்னும் சூடாக்குகிறது, வீட்டுக்குள் இருக்கும் காயிலில் அது மறுபடி திரவமாகும்போது அந்தச் சூட்டை விட்டுவிடுகிறது. வெயில் காலத்தில் இதையே திசை மாற்றி ஓட்டினால் ஏசி. சென்னையில் படுக்கையறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பிளிட் ஏசி செய்வதும் இதே வேலைதான், ஒரு திசையில் மட்டும். மின்சாரம் சூட்டை உண்டாக்கவில்லை, வெளியே இருப்பதை உள்ளே தள்ளுகிறது, அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மிதமான குளிரில் மூன்று யூனிட் சூடும், மைனஸ் 15 வாக்கில் நல்ல மாடலில் இரண்டு யூனிட்டை ஒட்டியும் கிடைக்கும். இந்த விகிதத்தைத்தான் சிஓபி என்கிறார்கள்.

புதுச் சரக்கு என்று பயப்படவும் வேண்டாம். கட்டடத்தை இப்படிச் சூடாக்கவும் குளிர்விக்கவும் முடியும் என்று லார்ட் கெல்வின் 1852லேயே எழுதிவிட்டார், ஜூரிச் நகர மன்றக் கட்டடத்தில் 1938லேயே லிம்மட் ஆற்று நீரிலிருந்து சூடு எடுக்கும் ஹீட் பம்ப் ஓடியது. இன்று நார்வேயில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் இருக்கிறது. குளிருக்கு இது தாங்காது என்று யாராவது சொன்னால் நார்வேயை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். முறையாகச் செய்ய கனடாவில் சிஎஸ்ஏ எஃப்280 என்ற தரநிலை இருக்கிறது, சுவர், கூரை, ஜன்னல், காற்றுக் கசிவு எல்லாவற்றையும் அறை அறையாக அளந்து செய்வது. அதைச் செய்து தரச்சொல்லி கேளுங்கள், காசு கேட்டாலும் கொடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் கையிலேயே ஒரு ஆதாரம் இருக்கிறது, போன குளிர்காலத்தின் கேஸ் பில். வீடு உண்மையில் எவ்வளவு சூட்டைக் குடித்தது என்று அதில் பதிவாகியிருக்கிறது, இதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஜனவரி மாத பில்லில் 400 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை பில்லில் 50. ஜூலையில் யாரும் ஃபர்னஸ் போடுவதில்லை, ஆக அந்த 50 வெந்நீருக்கும் அடுப்புக்கும் போனது. கழித்தால் ஜனவரியில் வீட்டைச் சூடாக்கப் போனது 350 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கேஸில் பத்தரை யூனிட் (கிலோவாட்-மணி) போல ஆற்றல் இருக்கிறது, நல்ல ஃபர்னஸ் அதில் 95 சதவீதத்தை வீட்டுக்குத் தரும், ஆகக் கணக்குக்கு ஒரு கன மீட்டருக்குப் பத்து யூனிட் என்று வைத்தால் போதும். 3,500 யூனிட். ஜனவரியில் 744 மணி நேரம். வகுத்தால் சராசரியாக 4.7 கிலோவாட்.

அந்த மாதம் வெளியே சராசரி மைனஸ் 4 என்று வைப்போம். வீட்டுக்குள் 21 வைத்திருந்தாலும், ஆட்கள், சமையல், ஃபிரிட்ஜ், ஜன்னல் வழியாக வரும் வெயில் எல்லாம் சேர்ந்து ஓரளவு சூட்டைத் தந்துவிடுவதால், வெளியே 16க்குக் கீழே போகும்போதுதான் ஃபர்னஸுக்கு வேலை வருகிறது. ஆக 16க்கும் மைனஸ் 4க்கும் இருக்கும் வித்தியாசம் 20 டிகிரி. 4,700 வாட்டை 20ஆல் வகுத்தால் டிகிரிக்கு 235 வாட். இதுதான் உங்கள் வீட்டின் எண். இதை ஒரு தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் வரும்.

டொராண்டோவுக்குக் குளிர்கால வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் வெப்பநிலை மைனஸ் 18, மைனஸ் 20 வாக்கில். மைனஸ் 20 என்றே எடுத்தால் வித்தியாசம் 36 டிகிரி, 235ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 8.5 கிலோவாட். இயந்திரங்களில் போட்டிருக்கும் பிடியூ என்ற வெப்ப அளவில் சொன்னால் மணிக்கு 29,000. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ, ஆக 2.4 டன். இதே வீட்டின் பேஸ்மென்ட்டில் 80,000 பிடியூ ஃபர்னஸ் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், அது வழக்கம்தான். அந்த லேபிளைப் பார்த்து ஹீட் பம்ப் அளவைச் சொல்வது எவ்வளவு தப்பு என்பது இப்போது தெரிகிறதா? இது தோராயக் கணக்கு, எஃப்280க்கு மாற்று இல்லை. ஆனால் "நாலு டன்" என்று சொல்கிறவரிடம் "எப்படி?" என்று திருப்பிக் கேட்க இது போதும்.

இந்த 235ஐக் குறைக்க முடியுமா என்று பார்ப்பது அடுத்த வேலை, இயந்திரம் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. கதவில் ஃபேன் மாட்டிக் காற்றை வெளியே இழுத்து எங்கெல்லாம் கசிகிறது என்று பார்க்கும் புளோயர் டோர் சோதனை ஒரு மதியத்தில் முடிந்துவிடும். பழைய வீடுகளில் பெரும்பாலும் அட்டிக்கில் லைட், பைப், எக்ஸாஸ்ட் குழாய் போகும் ஓட்டைகளும், பேஸ்மென்ட் சுவர் முடிந்து மரச் சட்டம் தொடங்கும் விளிம்பும்தான் குற்றவாளிகள். அவற்றை அடைத்து, அட்டிக்கில் இன்சுலேஷன் போட்டு, டிகிரிக்கு 235ஐ 190க்குக் கொண்டுவந்தால், 2.4 டன் இரண்டு டன்னுக்கும் கீழே வந்துவிடும்.

இப்போது இயந்திரத்தின் பக்கம். பெட்டியில் போட்டிருக்கும் டன் பொதுவாகக் கோடைக்கான பெயர், வெளியே 35 டிகிரி இருக்கும்போது எவ்வளவு குளிர்விக்கும் என்பது. மைனஸ் 15ல் எவ்வளவு சூடு தரும் என்பது வேறு கணக்கு, ஒரே மூன்று டன் பெயரில் விற்கும் இரண்டு மாடல்களில் ஒன்று கிட்டத்தட்ட முழுச் சூட்டையும் தரும், இன்னொன்று பாதிக்கு இறங்கிவிடும். அதனால் நீப் என்ற அமெரிக்க அமைப்பின் குளிர்ப் பிரதேச ஹீட் பம்ப் பட்டியலைப் பாருங்கள், ஒவ்வொரு மாடலுக்கும் வெவ்வேறு வெப்பநிலையில் அதிகபட்சம் எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு என்று போட்டிருக்கும். எல்லாரும் அதிகபட்சத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் குறைந்தபட்சத்தையும் பாருங்கள், ஏனென்றால் வசதி என்பது அங்கேதான் இருக்கிறது.

டொராண்டோ குளிர்காலத்தில் மைனஸ் 20 என்பது எப்போதாவது வரும் விருந்தாளி, பெரும்பாலான நேரம் பூஜ்யத்தைச் சுற்றித்தான் போகிறது. பூஜ்யத்தில் நம் உதாரண வீட்டுக்குத் தேவை 3.8 கிலோவாட், 7 டிகிரியில் 2.1 கிலோவாட். நாலு டன் இயந்திரத்தில் சில மாடல்கள் 4 கிலோவாட்டுக்குக் கீழே இறங்கவே இறங்காது. அப்போது அது பத்து நிமிடம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும், தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் கம்ப்ரசருக்குக் காசு கொடுத்து வாங்கிய பலனே போய்விடும். அளவு சரியாக இருந்தால் மெதுவாக, கிட்டத்தட்ட நாள் முழுக்க, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும், அறைக்கு அறை சூடு வித்தியாசம் குறைந்துவிடும். "நிற்கவே மாட்டேங்குது, ஏதோ கோளாறு" என்று சிலர் ஆளைக் கூப்பிடுவார்கள். கோளாறு இல்லை, அது அப்படித்தான் ஓட வேண்டும்.

இன்னொரு புகார், காற்று சூடாக வரவில்லை என்பது. ஃபர்னஸ் 50 டிகிரிக்கு மேல் காற்றை ஊதும், ஹீட் பம்ப் 35லிருந்து 40 வரை. கையை வென்ட்டில் வைத்தால் வெதுவெதுப்புதான் தெரியும், ஆனால் அறை 21ல் நிற்கும். சூடு குறைந்த காற்றில் அதே அளவு வெப்பத்தை அனுப்ப வேண்டுமென்றால் காற்று அதிகம் போக வேண்டும், ஒரு டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி. இரண்டரை டன்னுக்கு 1,000. நாலு டன் என்றால் 1,600, பழைய வீட்டு டக்டில், அதாவது அறைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாயில், அவ்வளவு காற்றைத் தள்ளினால் விசில் அடிக்கும், மாடியில் கராஜுக்கு மேலே இருக்கும் படுக்கையறைக்கு அப்போதும் போய்ச் சேராது. டக்டில் இரண்டு சின்ன ஓட்டை போட்டு, அழுத்தம் அளக்கும் மானோமீட்டரின் குழாயைச் சொருகி, காற்று எவ்வளவு தடைபடுகிறது என்று காட்டும் ஸ்டாட்டிக் பிரஷரை அளப்பது கால் மணி நேர வேலை. 0.5 அங்குல நீர் அழுத்தத்துக்கு மேல் காட்டினால், டக்டைச் சரி செய்யாமல் இயந்திரத்தை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. பெரும்பாலும் குறைவது காற்று திரும்பி வரும் ரிட்டர்ன் பக்கம்தான், அங்கே ஒரு டக்ட் சேர்த்து, ஒரு அங்குல ஃபில்டரை நாலு அங்குலமாக்கினாலே பெரிய மாற்றம் வரும்.

கோடையிலும் அளவு அதிகமானால் தொல்லைதான். ஜூலையில் இங்கே புழுக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும். பெரிய இயந்திரம் சட்டென்று அறையைக் குளிர்வித்து நின்றுவிடும், காயிலில் ஈரம் படிந்து வடிவதற்குள் வேலை முடிந்துவிடும், அறை சில்லென்றும் பிசுபிசுவென்றும் இருக்கும். மெதுவாக நீண்ட நேரம் ஓடினால்தான் ஈரம் இறங்கும், அதிலும் கோடையில் ஃபேனைக் கொஞ்சம் குறைத்து டன்னுக்கு 350 கன அடி என்று வைத்தால் இன்னும் நன்றாக இறங்கும்.

வெளியே வைக்கும் யூனிட்டைத் தரையோடு வைக்காதீர்கள். பூஜ்யத்தை ஒட்டிய ஈரமான நாட்களில் காயிலில் உறைபனி படியும், அதை உருக்க இயந்திரம் சில நிமிடங்கள் திசை மாறி ஓடும், புகை மாதிரி ஆவி கிளம்பும், பயப்பட வேண்டாம். உருகிய தண்ணீர் கீழே வடிந்து மறுபடி உறையும். முழங்கால் உயர ஸ்டாண்டில், கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டாத இடத்தில், யாரும் நடக்காத பக்கமாக வையுங்கள்.

பணக் கணக்கையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் எரித்தோ, சுவரோரம் வைக்கும் மின்சார பேஸ்போர்டு ஹீட்டரிலோ வீட்டைச் சூடாக்குகிறவர்களுக்கு மிச்சம் உறுதி. கேஸில் இருப்பவர்கள் கணக்குப் போட வேண்டும், 2025 ஏப்ரலில் கார்பன் கட்டணம் எடுக்கப்பட்ட பிறகு கேஸ் இன்னும் மலிவு. மின்சாரம் எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 15 சென்ட், கேஸ் கன மீட்டருக்கு 45 சென்ட் என்று வையுங்கள். கேஸ் சூடு யூனிட்டுக்கு 4.5 சென்ட், ஆக சிஓபி 3.3க்கு மேல் இருந்தால்தான் ஹீட் பம்ப் மலிவு. கடுங்குளிரில் அது வராது. ஆனால் இரவு 11 முதல் காலை 7 வரை மிக மலிவாக மின்சாரம் தரும் திட்டம் டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது, அந்த நேரத்தில் வீட்டை ஒரு டிகிரி கூடுதலாகச் சூடாக்கி வைத்தால் கணக்கு மாறும், கேஸ் இணைப்பையே எடுத்துவிட்டால் மாதாமாதம் கட்டும் நிலையான கட்டணமும் மிச்சம். எனக்குக் காசோடு சேர்த்துப் பார்க்கும் விஷயம் ஒன்று உண்டு, இந்த மாகாணத்து மின்சாரத்தில் பெரும்பகுதி அணுவிலிருந்தும் நீரிலிருந்தும் வருகிறது, அதனால் கேஸைக் கைவிட்டால் புகையும் கணிசமாகக் குறையும். உங்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக, வேலை முடிந்து ஆள் கிளம்பும் முன் தெர்மோஸ்டாட்டை அவரோடு நின்று பாருங்கள். கடுங்குளிருக்கு ஹீட் பம்போடு துணைக்கு வைக்கும் மின்சார ஹீட்டருக்கு சிஓபி ஒன்றுதான், ஆகவே நம் உதாரண வீட்டில் மைனஸ் 15க்கு மேலே அது எரியவே கூடாது என்று லாக்அவுட் போட்டிருக்க வேண்டும். சும்மா விட்டால் காலையில் வெப்பநிலையை 18லிருந்து 21க்கு ஏற்றும் ஒவ்வொரு தடவையும் அது எரியும். இரவில் இறக்கிக் காலையில் ஏற்றும் ஃபர்னஸ் பழக்கத்தையும் விட்டுவிட்டு 20 அல்லது 21ல் அப்படியே வைத்துவிடுங்கள்.