காய்கறி வயலில் கோரைதான் பெரிய தலைவலி

உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் தக்காளியும் கத்தரியும் வணிக அளவில் பயிரிடுவோர், களையெடுப்புக் கூலி கட்டுப்படியாகாததால், எல்லாக் களைக்கும் பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லி போதும் என்று நம்பிவிடுகிறார்கள். களை முளைக்குமுன் ஈர மண்ணில் தெளித்தால், விதையிலிருந்து வரும் புற்களையும் சில அகன்ற இலைக் களைகளையும் அது தடுக்கும். கிழங்கிலிருந்து கிளம்பும் கோரையை அது ஒன்றும் செய்வதில்லை. களை வராமலிருக்க மண்மேல் விரிக்கும் நிலப்போர்வைத் தாளையும் கோரை ஊசியாய்க் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை மட்டும் ஓட்டினால் கிழங்குகள் பிரிந்து வயல் முழுவதும் பரவுவதுதான் மிச்சம் (வாடகை வேறு தண்டம்). என் கருத்தில், சித்திரை வெயிலில் ஆழ உழுது கிழங்குகளைக் காயவிட்டு, பின்னர் நீர் பாய்ச்சி, முளைத்து வருவதை நடவுக்கு முன்பே அழிப்பதே முதல் வேலை. மருந்துக்கடைக்குப் போவதெல்லாம் அதற்குப் பிறகு.